கயிற்றின் மறுமுனை

1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் ஒரு சிலுவையைச் சுற்றிப் பெருங்கூட்டம் திரண்டது. வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். கூட்டம் பெரிது, சிலுவை ஒன்று. ஆகவே சிலுவையில் கயிறுகளைக் கட்டி நாலாபக்கமும் நீளவிட்டார்கள். கை எட்டாதவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் சொன்னார்கள். அத்தனை பேர் பிடித்த இழுப்பில் சிலுவையே வளைந்துவிட்டது என்பது மரபு. கூனிய சிலுவை, கூனன் குரிசு. அன்று எடுத்த உறுதிமொழிக்குக் கூனன் குரிசுச் சத்தியம் என்று பேர்.

கேரளக் கிறிஸ்தவ வரலாற்றை இரண்டாகப் பிளந்த நாள் என்று புத்தகங்கள் இதைச் சொல்லும். போர்த்துக்கீசிய ஆதிக்கத்துக்கு எதிரான கலகம் என்றும் சொல்லும். இரண்டும் உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில், சிலுவை கண்ணுக்கே தெரியாத தூரத்தில், யாரோ நீட்டிய கயிற்று நுனியைப் பிடித்து நின்றவனைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். அவன் பயந்துபோய் வந்தவன். என்ன நடந்தது என்றே அவனுக்குச் சரியாகத் தெரியாது. இனி என்ன நடக்கும் என்று அங்கே யாருக்குமே தெரியாது. அந்த நிலையில் ஒருவன் விசுவாசத்திடம் என்ன கேட்கிறான்? விசுவாசம் அவனுக்கு என்ன தருகிறது? கிறிஸ்தவம் தருவதாகச் சொல்லும் சமாதானத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது.

அவனுடைய பயத்துக்கு அரை நூற்றாண்டு வயது. அப்போஸ்தலர் தோமா கி.பி. 52-இல் கொடுங்கல்லூர்ப் பக்கம் கரையிறங்கினார் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அவர்களுடைய ஆயர்கள் தலைமுறை தலைமுறையாக மேற்காசியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வழிபாடு சுரியானி மொழியில். அப்படி வந்த மார் ஆபிரகாம் 1597-இல் இறந்தார். இரண்டே ஆண்டில், 1599 ஜூனில், கோவா பேராயர் மெனெசெஸ் எர்ணாகுளத்துக்குத் தெற்கே உதயம்பேரூரில் சங்கம் கூட்டினார். சுரியானி நூல்கள் பல திருத்தப்பட்டன, பல நெருப்பில் போடப்பட்டன. அதற்குப் பிறகு ஆயர்கள் ஐரோப்பாவிலிருந்துதான். தங்கள் பாட்டன்மார் கேட்ட மொழியில் தங்களுக்கும் ஆசி சொல்ல ஒருவர் வருவாரா என்று அந்த மக்கள் கடலைப் பார்த்துக்கொண்டே ஐம்பது ஆண்டுகளைக் கழித்தார்கள்.

1652-இல் ஒருவர் வந்தார். அலெப்போவில் பிறந்த மார் அஹத்தல்லா. சூரத்தில் இறங்கி மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். அங்கே சேசு சபையார் அவரைக் காவலில் வைத்தார்கள். தோமாவின் கல்லறையைத் தரிசிக்க மயிலாப்பூருக்கு யாத்திரை வருவது மலையாளத்துக் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம். அப்படி வந்தவர்களில் இரண்டு இளம் திருத்தொண்டர்கள், ஒருவர் செங்கன்னூர், மற்றவர் குறவிலங்காடு, அவரைச் சந்தித்துப் பேசினார்கள். அவர் கொடுத்த கடிதத்தைச் சுமந்துகொண்டு மலை கடந்து ஊர் திரும்பினார்கள். நம் மயிலாப்பூரிலிருந்து புறப்பட்ட ஒரு காகிதம் மட்டாஞ்சேரியைக் கொதிக்க வைத்தது என்பதைத் தமிழ்நாட்டில் நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

அஹத்தல்லாவைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் கப்பல் கொச்சியைத் தொடுகிறது என்ற செய்தி பரவியதும், சமூகத்தின் தலைவரான அர்க்கதியாக்கோன் தோமாவின் பின்னால் ஊர் ஊராக ஆட்கள் கிளம்பி வந்தார்கள். அவரைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவர் கொண்டுவந்த பத்திரங்கள் மெய்யா பொய்யா என்று சோதிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. கோட்டைக் கதவுகள் திறக்கவில்லை. கப்பல் போய்விட்டது. அதன் பிறகு ஒரு பேச்சு கூட்டத்துக்குள் தீயாய்ப் பரவியது: அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். அந்தப் பேச்சின் சூட்டில்தான் கயிறு கட்டப்பட்டது.

பேச்சு உண்மையில்லை. அஹத்தல்லா மூழ்கடிக்கப்படவில்லை. கோவாவிலிருந்து போர்த்துகலுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து ரோமுக்குப் போகும் வழியில் பாரிசில் இறந்தார். மட்டாஞ்சேரியில் கயிறு பிடித்தவர்களில் பெரும்பாலோர் இது தெரியாமலே கண்ணை மூடியிருப்பார்கள். கடல் கொண்டுபோன மனிதர் என்றே சாகும்வரை அவருக்காக வேண்டியிருப்பார்கள்.

இதைச் சொல்வதால் அவர்கள் செய்தது ஏதோ ஏமாந்த செயல் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியாததாகவே இருந்தது. கோட்டைக் கதவு மூடியிருந்ததால் அது தெரிய வழியும் இல்லை. தெரிந்த பிறகு நிம்மதி அடையலாம் என்று உட்கார்ந்திருந்தால் அவர்கள் ஆயுளுக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தெரியாததை வைத்துக்கொண்டே நிற்பதற்கு அவர்களுக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. ஆளுக்கொரு மூலையில் பயந்துகொண்டிருந்தவர்கள் ஒரே கயிற்றில் கை வைத்தார்கள். கயிற்றின் ஒரு முனை சிலுவையில் இருந்தது. மறுமுனை முன்பின் தெரியாத இன்னொருவன் கையில் இருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் விசுவாசம் என்று எனக்குப் படுகிறது. ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

அந்தக் கயிறு பிறகு முறுக்கு விட்டுப் பிரிந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதே ஆண்டு மே 22 அன்று ஆலங்காட்டில் பன்னிரண்டு குருக்கள் சேர்ந்து கை வைத்து அர்க்கதியாக்கோன் தோமாவை ஆயராக்கினார்கள். சில ஆண்டுகளில் ஒரு பகுதி மீண்டும் ரோமுடன் சேர்ந்தது. பழையகூறு, புத்தன்கூறு என்று தொடங்கிய பிரிவு பல சபைகளாகக் கிளைத்து, கோவிலுக்கும் சாவிக்கும் நீதிமன்றம் போகும் அளவுக்கு இன்றுவரை நீள்கிறது. அன்று எடுத்த சத்தியத்தின் வாசகம் என்ன, அது யாருக்கு எதிரானது என்பதில்கூட ஒவ்வொரு சபைக்கும் ஒரு கணக்கு. பத்தாண்டு கழித்து, 1663 ஜனவரியில், டச்சுக்காரர்கள் வந்து கொச்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். யாருக்குப் பயந்தார்களோ அவர்களே போய்விட்டார்கள். சண்டை மட்டும் நின்றது. பயத்தில் சேர்ந்த கைகள் பயம் போன பிறகும் சேர்ந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் தோப்பும்படி. அங்கே இருக்கும் மீன்பிடித் துறைமுகத்தில் காதைக் கொடுத்தால் நம் தமிழ் கேட்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று அடுக்கிக்கொண்டு போகும் கடற்கரை ஊர்கள் உண்டு. சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். அவர்களுடைய படகுகள் பல கொச்சியிலிருந்துதான் புறப்படுகின்றன. அங்கிருந்து ஓமன் பக்கம் வரைக்கும் போவார்கள், டியாகோ கார்சியா வரைக்கும் போய்ப் பிடிபட்டவர்களும் உண்டு. மாவட்டம் கன்னியாகுமரி, ஆனால் கத்தோலிக்க மறைமாவட்டம் திருவனந்தபுரம். அரசாங்கம் ஒரு பக்கம், கோவில் இன்னொரு பக்கம் என்று எல்லைக்கோட்டின் மேலேயே வாழ்கிறவர்கள்.

அவர்களுடைய படகுகளின் நெற்றியில் புனிதர்களின் பேர் இருக்கும். 2017 ஜூன் 11 அதிகாலையில் கொச்சிக் கடலில் ‘ஆம்பர் எல்’ என்ற சரக்குக் கப்பல் மோதி உடைத்த படகின் பேர் ‘கார்மல் மாதா’. தோப்பும்படியிலிருந்து போன படகு. 2012 பிப்ரவரியில் ‘என்ரிகா லெக்சி’ கப்பலிலிருந்த இத்தாலியக் கடற்படைக் காவலர்கள் சுட்டதில் இருவர் செத்துப்போனார்களே, அந்தப் படகின் பேர் ‘புனித அந்தோணி’. பேர் காப்பாற்றும் என்று அவர்கள் நம்புவதாக வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கடலுக்குப் போகிறவனுக்குக் கடலைப் பற்றி அப்படியொரு மயக்கம் கிடையாது. மாதா பேரை எழுதிய படகும் கவிழும் என்று அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அப்பனையோ மாமனையோ கடலுக்குக் கொடுக்காத வீடு அந்த ஊர்களில் குறைவு. தெரிந்தும் எழுதுகிறான். அதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

2017-இன் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. இலங்கைக்குத் தெற்கே உருவான தாழ்வு மண்டலம் நவம்பர் 29 இரவு குமரிமுனையை நெருங்கி, 30 காலையில் புயலாகிவிட்டது. புயல் என்று பேர் சொல்லி எச்சரிக்கை வந்தபோது கரைக்கடல் ஆட்கள் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆழ்கடல் படகுகளோ பல நாட்களுக்கு முன்பே போய்விட்டவை. அவற்றிலிருந்த வயர்லெஸ் சில மைல்களுக்குமேல் எட்டாது. அரபிக்கடலின் நடுவே இருந்தவனுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லை. சில படகுகளைக் காற்று லட்சத்தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பல படகுகள் மகாராஷ்டிரத்தின் தேவ்கட், குஜராத்தின் வேராவல் என்று முன்பின் பார்த்திராத கரைகளில் ஒதுங்கின. நூற்றுக்கணக்கானோர் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

வராதவர்களுக்காகக் காத்திருந்த அந்த டிசம்பர் மாதத்தைப் பற்றிக் கடற்கரையில் யாரிடம் பேசினாலும், சாவைவிடப் பெரிய துன்பமாக அவர்கள் சொல்வது தெரியாமல் இருந்ததைத்தான். தேவ்கட்டில் கரையேறியவர்களின் பேர் வருகிறது. அதில் இவன் பேர் இல்லை. கோழிக்கோட்டில் ஓர் உடல் ஒதுங்கியது என்கிறார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை, மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வா என்கிறார்கள். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அந்த உடல் இவனுடையதாக இருக்க வேண்டுமா கூடாதா என்று எதை வேண்டிக்கொள்வது? சட்டத்தின் கணக்கில் காணாமல் போனவன் செத்தவனாக ஏழு ஆண்டு ஆக வேண்டும். அதுவரை வீட்டில் காத்திருப்பவள் மனைவியா விதவையா? பிறகு அரசுகள் விதியைத் தளர்த்தி இழப்பீடு கொடுத்தன. பணம் வந்தது. பதில் வரவில்லை.

அந்த நாட்களில் கோவில்கள் செய்த முதல் காரியம் பட்டியல் போட்டது. பங்குக் குருக்கள் வீடு வீடாகக் கேட்டு, யார் போனான், எந்தப் படகில் போனான், கூடப் போனவர்கள் யார், வடநாட்டிலிருந்து வந்து சேர்ந்திருந்த வேலைக்காரப் பையன்கள் எத்தனை என்று எழுதினார்கள். அரசாங்கத்தின் எண்ணிக்கையும் கோவிலின் எண்ணிக்கையும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. “ஃபாதர், எனக்க மவனுக்க பேரு எழுதியாச்சா?” என்று கேட்கிற தாய்க்கு, எழுதியாயிற்று என்ற பதில் மகனைத் திருப்பித் தராது. ஆனால் அவன் எண்ணிக்கையில் விடுபட்டுவிடவில்லை, ஒருவர் அவன் பேரைக் கையில் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வது ஒரு பிடி. மந்தையில் காணாமல்போன ஓர் ஆட்டை எண்ணித் தேடுகிற மேய்ப்பனின் கதையைப் பிரசங்கங்களில் நூறு முறை கேட்டிருக்கிறோம். அந்தப் பட்டியல் எனக்கு அந்தக் கதையைவிடப் பெரிய பிரசங்கம்.

இரண்டாவது காரியம், கோபப்பட்டது. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மீனவர்கள், பெண்கள், குழந்தைகள், அங்கி போட்ட குருக்களோடு நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. திருவனந்தபுரம் பேராயராக அப்போது இருந்த சூசபாக்கியம் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். காணாமல்போனது அவருடைய ஊர்க்காரர்கள். அதே புயலில் கொச்சிக்குத் தெற்கே செல்லானத்தில் கடல் வீடுகளுக்குள் ஏறியது. கடற்சுவர் கேட்டு அந்த மக்கள் கோவில் முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள். விசுவாசிக்குக் கோபம் கூடாது, ஆண்டவன் சித்தம் என்று அடங்கியிருப்பதுதான் சமாதானம் என்று சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். தொலைக்காட்சியில் ஞாயிறு காலைகளில் மனதைத் தடவிக்கொடுக்கும் பிரசங்கங்கள் நிறைய வருகின்றன. கண்ணை மூடு, கவலையை மற, எல்லாம் நன்மைக்கே. குழித்துறைத் தண்டவாளத்தில் உட்கார்ந்த தாயிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவளுடைய கூச்சல் அவளுடைய ஜெபத்தின் ஒரு பகுதி. அதை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டுத் தருகிற அமைதி யாருக்கு வேண்டும்?

மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் வரும் புயலைக் கடற்கரைக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். நான் பல ஆண்டு அதை அற்புதக் கதையாக மட்டும் வாசித்துவந்தேன். ஒக்கிக்குப் பிறகு அது வேறு கதையாகிவிட்டது. மாலையில் படகு கிளம்புகிறது. புயல் அடிக்கிறது. இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். தலையணையைச் சொல்வது மாற்கு மட்டும்தான். சீடர்களில் சிலர் மீனவர்கள், அந்த ஏரியை உள்ளங்கை போல அறிந்தவர்கள். அவர்கள் அவரை எழுப்பும்போது சொல்வது பணிவான வேண்டுதல் இல்லை. நாங்கள் சாகிறோம், உமக்குக் கவலையே இல்லையா என்று கேட்கிறார்கள். நெஞ்சிலிருந்து வருகிற குற்றச்சாட்டு அது. அவர் முதலில் காற்றை அடக்குகிறார். ஏன் பயப்படுகிறீர்கள் என்று கேட்பது அதற்குப் பிறகுதான். கத்தியவர்களைக் கத்தியதற்காகப் படகிலிருந்து யாரும் இறக்கிவிடவில்லை.

இன்னும் ஒன்று. அவரோடு வேறு படகுகளும் இருந்தன என்று மாற்கு ஓர் அரைவரி சொல்லிவிட்டுப் போகிறார். மற்ற நற்செய்திகளில் அந்த அரைவரி இல்லை. அந்தப் படகுகளில் யார் இருந்தார்கள்? அவர்களுக்கு இயேசு எந்தப் படகில் இருக்கிறார் என்று தெரியுமா? அவர்களுடைய படகில் அவர் தூங்கவும் இல்லை, எழுந்து காற்றை அதட்டவும் இல்லை. அவர்கள் இருட்டில் நீர் இறைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். திடீரென்று கடல் அடங்கியிருக்கும். யாரால் என்று தெரியாமலே கரை சேர்ந்திருப்பார்கள். அல்லது கடல் அடங்குமுன் சிலர் போயிருப்பார்கள். மாற்கு அதைச் சொல்லவில்லை. நாம் பெரும்பாலோர் அந்த மற்றப் படகுகளில் இருப்பவர்கள் என்றே நான் நினைக்கிறேன். நற்செய்தி அவர்களை ஓர் அரைவரியிலாவது எண்ணிக்கையில் சேர்த்துவைத்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்தக் கதையின் முடிவும் நாம் நினைக்கிற முடிவு இல்லை. புயல் நின்ற பிறகு சீடர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதாக மாற்கு எழுதவில்லை. மிகவும் பயந்தார்கள், இவர் யாரோ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள் என்றுதான் எழுதுகிறார். கேள்வியோடு கதை நின்றுவிடுகிறது. பயம் முழுக்கப் போன பிறகு வருவதுதான் சமாதானம் என்றால் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அன்று அது கிடைக்கவே இல்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கன்னியாகுமரிக் கடற்கரையில் அன்று மாலை கல்லறைத் தோட்டங்கள் முழுக்க மெழுகுத்திரி எரியும். கல்லறையைக் கழுவி, பூ வைத்து, திரி ஏற்றி, குடும்பமாகச் சுற்றி நிற்பார்கள். உடல் கிடைக்காதவனுக்கு எங்கே ஏற்றுவது? கல்லறைத் தோட்டங்களின் நடுவில் பெரிய சிலுவை ஒன்று பொதுவாக இருக்கும். கல்லறை இல்லாதவர்களின் திரிகள் அதன் அடியில் சேரும். இங்கே புதைத்திருக்கிறது என்று சொல்ல இடமில்லாதவளுக்கு எல்லாருக்குமான அந்த இடம் கிடைக்கிறது. பக்கத்தில் திரி ஏற்றுகிறவளும் அவளைப் போலத்தான், கேட்க வேண்டியதில்லை.

எல்லாருக்குமான இன்னோர் இடம் கொச்சிக் காயலில் இருக்கும் வல்லார்பாடம் தீவு. இன்று அந்தப் பேரைச் சொன்னால் கன்டெய்னர் முனையம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அங்கிருக்கும் மாதா கோவிலுக்கு 1524-இல் போர்த்துக்கீசியர்கள் ஒரு படத்தைக் கொண்டுவந்தார்கள். பணயமாகப் பிடிபட்டவர்களை மீட்கிற மாதா. கடற்கொள்ளையரும் எதிரிகளும் சிறைபிடித்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்கென்றே 1218-இல் பார்சிலோனாவில் பீட்டர் நோலாஸ்கோ தொடங்கிய துறவற சபையின் பக்தி அது. 1676-இல் வெள்ளம் வந்து கோவில் இடிந்தது. படம் காயலில் மிதந்தது. அதை எடுத்துக் கொடுத்தவர் கொச்சி அரசரின் அமைச்சரான பாலியத்து ராமன் வலியச்சன், ஓர் இந்து. கோவில் திரும்பக் கட்ட இடமும் கொடுத்து, அணையாத விளக்கும் ஏற்றினார் என்கிறார்கள். 1752-இல் மீனாட்சியம்மா என்ற நாயர் பெண்ணும் கைக்குழந்தையும் போன வஞ்சி புயலில் கவிழ்ந்து, மூன்றாம் நாள் மீனவர்களின் வலையில் இருவரும் உயிரோடு வந்தார்கள் என்பது அந்தக் கோவிலின் கதை. அவள் ஆயுள் முழுக்க அந்த வாசலைப் பெருக்கினாள் என்று முடியும்.

கதையை நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால், அந்தக் கதையைத் தேவைப்பட்டவர்கள் சுமந்துவந்திருக்கிறார்கள் என்று சொல்வேன். மீனாட்சியம்மா வந்தாள். ஒக்கியில் போனவர்கள் வரவில்லை. இரண்டும் தெரிந்த பெண்கள் செப்டம்பர் 24 திருவிழாவுக்கு வல்லார்பாடம் வருகிறார்கள். அவர்கள் வருவது ஒப்பந்தம் பேச இல்லை. மீட்பு என்பது விலை கொடுத்து நடப்பது, யாரோ ஒருவர் எழுந்து போய்த்தான் பிடிபட்டவனைக் கொண்டுவர வேண்டும் என்று அந்தப் படம் சொல்கிறது. நோலாஸ்கோவின் துறவிகள் ஒரு சிறப்பு வாக்குக் கொடுப்பார்கள்: தேவைப்பட்டால் கைதிக்குப் பதில் தாங்களே கைதியாக இருக்கச் சம்மதம் என்று. பயத்தில் இருக்கிறவனுக்குப் போதனை செய்வதும், அவன் இருக்கிற இடத்துக்கே இறங்கிப் போவதும் ஒன்றாகாது என்பதை அந்தத் துறவிகள் அறிந்திருந்தார்கள்.

ஒக்கி முடிந்து ஒன்பது மாதம். 2018 ஆகஸ்ட் நடுவில் கேரளம் மூழ்கியது. பெரியாறு பெருகி ஆலுவா, பரவூர் பக்கம் வீட்டு மாடிகளில் ஆட்கள் சிக்கினார்கள். பம்பை பெருகிச் செங்கன்னூர் தீவாயிற்று. ஹெலிகாப்டர் அனுப்புங்கள், இல்லையென்றால் என் மக்கள் செத்துப்போவார்கள் என்று அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் தொலைக்காட்சியில் அழுதார். அப்போது கடற்கரையிலிருந்து லாரிகள் கிளம்பின. ஒவ்வொரு லாரியிலும் ஒரு படகு. விழிஞ்ஞம், பூந்துறையிலிருந்து செங்கன்னூருக்கும் பத்தனம்திட்டைக்கும்; முனம்பம், வைப்பினிலிருந்து பரவூருக்கும் ஆலுவாவுக்கும். கோவில்களில் அறிவிப்புக் கேட்டு, மசூதிகளில் அறிவிப்புக் கேட்டு, இரவோடு இரவாக ஏற்றினார்கள். ஏறக்குறைய 4,500 மீனவர்களும் 650-க்கு மேற்பட்ட படகுகளும் அந்தச் சில நாட்களில் மீட்டவர்கள் 65,000 பேர் என்று அரசு பிறகு கணக்குச் சொன்னது.

இதில் பேசாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. செங்கன்னூரின் பெரிய வீடுகளில் சிக்கியிருந்தவர்களில் பலர் தோமாவின் சுரியானிக் கிறிஸ்தவர்கள். 1652-இல் மயிலாப்பூரிலிருந்து கடிதம் சுமந்துபோன திருத்தொண்டரின் ஊர் அது. படகில் வந்தவர்களில் பலர் லத்தீன் கத்தோலிக்க மீனவர்கள். ஒரே சிலுவையைக் கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் கேரளத்தில் இந்த இரு கூட்டத்துக்கும் இடையே திருமண உறவு அரிது, பழைய காலத்தில் ஒரே பந்தியும் கிடையாது. சுரியானிக் கிறிஸ்தவர் தம்மை மேல்சாதி வழி என்று சொல்லிக்கொண்டவர். கடற்கரைக்காரன் மீன் நாற்றம் அடிக்கிறவன். கூனன் குரிசில் கட்டிய கயிறு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது கடற்கரைக் குடிசை வரைக்கும் எட்டியதில்லை. இதைக் கேரளக் கிறிஸ்தவம் இன்னும் முழுதாகத் தன்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

ஒன்பது மாதத்துக்கு முன்பு தாங்கள் கதறியபோது யாரும் உடனே வரவில்லை என்ற காயம் அந்த மீனவர்களுக்கு ஆறவில்லை. நீர் என்ன செய்யும் என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆற்று வெள்ளம் கடல் போலவும் கிடையாது. மதில்சுவரும் இரும்புக் கதவும் மின்கம்பியும் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும், கலங்கலில் எதுவும் தெரியாது. பயம் இல்லாமல் அவர்கள் போயிருக்க வாய்ப்பே இல்லை. பயத்தோடுதான் போனார்கள். எது அவர்களைப் போகச் செய்தது என்று நான் கேட்டுக்கொள்ளும்போது, கிறிஸ்தவர்கள் வேண்டிக்கொள்கிற சமாதானம் இந்த இடத்தில்தான் எனக்குக் கண்ணுக்குப் படுகிறது. தன் துக்கத்துக்குப் பதில் கிடைக்கும்வரை காத்திராமல், இன்னொருவனின் கூரையைத் தேடிப் போகிற கால்களில் அது இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு அது வந்ததாக நான் எங்கும் பார்க்கவில்லை. அன்று படகு ஓட்டியவர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள், இந்துக்களும் இருந்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கிடைத்த வரம் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. கடலுக்கு ஒருவனைக் கொடுத்த வீட்டிலிருந்து கிளம்பி வந்த கிறிஸ்தவனுக்கு அது அவனுடைய விசுவாசத்தின் வழியாக வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளம் வடிந்ததும் படகுகளைத் திரும்ப லாரிகளில் ஏற்றினார்கள். பலவற்றின் அடி மதில்களில் மோதிக் கிழிந்திருந்தது, என்ஜின்கள் பழுதாகியிருந்தன. படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாக, பழுதுபார்க்கவும் உதவுவதாக அரசு அறிவித்தது. கூலி வேண்டாம் என்றவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஊர்களில் மலர்மாலையோடு வரவேற்பு நடந்தது. சில இடங்களில் சாலையோரத்தில் நின்று பெண்கள் கைகூப்பினார்கள். இழுவலைத் தடைக்காலம் ஜூலை 31-ஓடு முடிந்திருந்தது, பருவத்தின் முதல் நல்ல வாரங்கள் வெள்ளத்தில் போய்விட்டன. அடியைச் செப்பனிட்டு, சாயம் தேய்ந்த இடத்தில் மாதா பேரைத் திரும்ப எழுதி, அவர்கள் கடலுக்குப் போனார்கள்.